இறங்கும் முள்ளை யார் கூவுவது?

"பன்னெண்டு."

என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்த அஞ்சலை அக்கா கத்தினாள். வேனுக்குள் அவள் குரலுக்கு இடம் போதாது. கடற்கரையில் மீன் ஏலம் விடுகிற குரல் அது. காற்றையும் அலைச் சத்தத்தையும் தாண்டிப் போய்ப் பழகியது.

"பன்னெண்டர. பதிமூணு."

பெருங்களத்தூர் மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதி தூரம் வந்திருந்தோம். பண்டிகைக்கு முந்தின நாள் காலை. பாலத்துக்குக் கீழே ஊருக்குப் போகிற கூட்டம் பையும் பெட்டியுமாகச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. எனக்குப் பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹார்ன் அடித்தது. வேனுக்குள் மீன்காரப் பெண்கள் எட்டுப் பேர், பண்டிகைக்கென்று வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு மீன், அதற்கு மேலே கொட்டிய ஐஸ். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கை வேர்த்து வழுக்கியது.

பதிமூன்றுக்குப் பிறகு அக்கா எதுவும் சொல்லவில்லை. டாஷ்போர்டு மீட்டரின் முள் பதிமூன்றிலேயே நிற்கிறது என்று நினைத்தேன். எனக்கு அது போதும். பதினாலைத் தொட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான் அந்த வாரம் முழுக்க நான் வேண்டிக்கொண்டிருந்தது.

வேன் இழுக்கவில்லை. பாரம் அதிகம், அதனால்தான் என்று எண்ணிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தினேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்புகள் எல்லாமே இப்படித்தான், நல்ல காரணம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு செய்தவை.

அம்மாவின் பம்ப் ஸ்டவ்

நான் பயந்த சுபாவம். இந்தத் தொடரைப் போன வாரங்களில் படித்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும். பள்ளிக்கூட வேன் ஓட்டிய நாட்களில் எல்லாப் பிள்ளைகளும் இறங்கிய பிறகும் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன். தெருமுனை வரை போன பிறகு, கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்கத் திரும்பி வந்திருக்கிறேன். ஒரு முறை அல்ல.

இது அம்மா கொடுத்த சொத்து. குரோம்பேட்டையில் எங்கள் வீட்டில் பித்தளையில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்தது. பம்ப் செய்து காற்றடித்தால்தான் எரியும். அம்மா காற்றடிக்க ஆரம்பித்ததும் எங்களை வாசலுக்கு விரட்டிவிடுவாள். "எல்லாரும் வெளிய போங்க, காத்து ஏறுது" என்பாள். ஸ்டவ் 'உஸ்' என்று சீறும். அம்மா சுவரோடு ஒட்டி நின்று அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பாள். அது ஒரு நாளும் வெடிக்கவில்லை. ஆனால் காற்று ஏறினால் ஆபத்து என்பது எனக்குள் நன்றாகப் பதிந்துவிட்டது.

காற்று இறங்கினால் என்ன ஆகும் என்று அம்மா எங்களுக்குச் சொன்னதே இல்லை. ஸ்டவ்வில் காற்று இறங்கினால் சோறு வேகாது, அவ்வளவுதானே.

பஷீர் பாயின் நெயில் பாலிஷ்

வேன் என்னிடம் வந்தபோதே பழசு. டீசல் எஞ்சின், டர்போ வைத்தது. டர்போ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றும். அதோடு சேர்ந்து சுற்றுகிற இன்னொரு காற்றாடி வெளிக்காற்றை எஞ்சினுக்குள் அமுக்கித் தள்ளும். அந்த அமுக்கத்துக்குப் பெயர் பூஸ்ட். காற்று கூடினால் டீசல் நன்றாக எரியும், வண்டி இழுக்கும்.

என் வேன் இழுப்பதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் விடிகாலையில் ஏலம் முடியும். அங்கேயிருந்து பெண்களையும் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக வந்து, பெருங்களத்தூரில் இரண்டு பேர், தாம்பரத்தில் மூன்று பேர், குரோம்பேட்டையில் ஒருத்தி என்று இறக்கிக்கொண்டே போய்ப் பம்மலில் கடைசி இரண்டு பேரை விடுவேன். வண்டலூர் மேம்பாலம் ஏறுவதற்குள் சைக்கிள்காரர் என்னைத் தாண்டிப் போவார். "எறங்கித் தள்ளட்டா வசந்தி?" என்று பின்னாலிருந்து கேட்பார்கள். கேலிதான். ஆனால் காலை எட்டு மணிக்குள் மீன் தெருவுக்குப் போகவில்லை என்றால் வாடிக்கைக்காரர்கள் கடைக்குப் போய்விடுவார்கள். அந்த மாதம் இரண்டு பேர் வேறு வண்டி பார்க்கலாமா என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அவர்கள் போய்விட்டால் வேனும் இல்லை, நானும் இல்லை.

பஷீர் பாயின் பட்டறை பம்மலில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. எதையும் கையால் தொட்டுப் பார்க்காமல் பேச மாட்டார்.

அவர் செய்த முதல் வேலை, பூஸ்ட் அளக்கிற ஒரு மீட்டரை எடுத்துக்கொண்டு எதிரேயிருந்த பஞ்சர் கடைக்குப் போனது. அந்தக் கடையில் காற்றடிக்கிற மிஷினில் மீட்டரை மாட்டி, இரண்டும் ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்த்தார். "மீட்டரே பொய் சொன்னா அப்புறம் நாம இன்னாத்த பாக்கறது?" என்றார். பிறகு அதை என் டாஷ்போர்டில் திருகினார். எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து அதில் சேர்ந்தது. வெள்ளை வட்டம், கறுப்பு எண்கள், சிவப்பு முள். டயருக்கு முப்பது, முப்பத்தைந்து என்று காற்று வைக்கிறோமே, அதே கணக்கில் எண்கள்.

வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தால் முள் எட்டைத் தாண்டவில்லை.

டர்போவின் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. அமுக்கம் ஓர் அளவுக்கு மேல் போனால் அது திறந்து புகையை வேறு வழியில் விட்டுவிடும். அதைத் திறப்பது ஒரு கம்பி. கம்பியின் நுனியில் மரை இருக்கிறது. அதைத் திருகிக் கம்பியைக் குட்டையாக்கினால் கதவு தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் ஏறும். பாய் அரைச் சுற்று திருகுவார், நட்டை இறுக்குவார், வண்டியை ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பார், திரும்பி வருவார், இன்னும் அரைச் சுற்று. ஒரு காலைப்பொழுது முழுக்க இதே வேலை. கடைசியில் பன்னிரண்டில் நிறுத்தினார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, நட்டின் மேலும் கம்பியின் மேலுமாகச் சேர்த்து ஒரு கோடு போட்டார்.

"நட்டு தானா சுத்துச்சுன்னா கோடு ஒடஞ்சிடும். பாத்தாலே தெரியும்." நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "ஃபேன்சி ஸ்டோர்ல வாங்கினேன். எந்த ஷேடுன்னு கேக்கறான் அந்தாளு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் நான் இன்று வரை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன்.

"அக்கா, வெறும் வண்டில தெரியாது. பாரத்தோட ஒரு வாரம் ஓட்டுங்க. ஏத்தத்துல முள்ளப் பாக்கணும். நீங்க பாக்காதீங்க, நீங்க ரோட்டப் பாருங்க. பக்கத்துல ஒருத்தர ஒக்கார வெச்சு பாக்கச் சொல்லுங்க. பதினாலு வந்தா கால எடுத்துடுங்க. இன்னொண்ணு, காத்துப் போற ஓஸ் பைப்பு பழசு. புதுசு சொல்லிகீறேன், வர ஒரு வாரம் ஆவும். அது கழண்டா முள்ளு டக்குனு விழும். ஏத்தத்துல மிதிக்கச்சொல்ல முள்ளு விழுந்தா ஒரு செகண்டு கூட மிதிக்கக் கூடாது. டர்போ பைத்தியம் புடிச்சாப்ல சுத்தும். ஆயில எஞ்சின் குடிக்க ஆரம்பிச்சா சாவிய எடுத்தாலும் நிக்காது. டாப் கியர் போட்டு, பிரேக்க அமுக்கி, கிளட்ச்ச விட்டுடுங்க. ஆஃப் ஆயிடும்."

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பதினாலு என்ற எண் மட்டும் தலைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

முன் சீட்டு

பக்கத்துச் சீட்டுக்கு அஞ்சலை அக்காவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவள் கண். மணலில் கொட்டிய மீன் குவியலை ஒரு தடவை பார்த்தால் எத்தனை கிலோ தேறும் என்று சொல்லிவிடுவாள். குப்பத்தில் ஏலம் விடுவது அவள்தான். ஏலம் முடிந்ததும் தன் பங்கைக் கூடையில் போட்டுக்கொண்டு என் வேனில் ஏறித் தாம்பரத்துக்கு வந்து விற்பாள்.

"அக்கா, இந்த முள்ளு ஏற ஏறச் சொல்லிக்கிட்டே வாங்க. பதினாலு வந்தா சத்தமா சொல்லுங்க" என்றேன்.

"அவ்ளோதான? இன்னா பெரிய வேல" என்றாள்.

நான் சொன்னது அவ்வளவுதான். இரண்டாவது பாதியைச் சொல்லவில்லை. மறந்தேனா, தேவையில்லை என்று விட்டேனா என்று நேர்மையாக எனக்கே தெரியவில்லை. ஏறுவதைப் பற்றிய பயம் அவ்வளவு பெரிதாக இருந்தது, இறங்குவதற்கு அதில் இடமில்லை.

நான்கு நாட்கள் நன்றாகப் போயின. வண்டலூர் பாலத்தில் அவள் எண்களைக் கூவக் கூவப் பின்னால் இருந்த பெண்கள் விளையாட்டாக ஏலம் கேட்டார்கள். "பதினொண்ணுக்கு நான் எடுத்துக்கறேன் அக்கா" என்பாள் பம்மல் மல்லிகா. எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். அடுத்த எண்ணுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். வீட்டில் தூங்கப் போனாலும் 'பன்னெண்டு, பன்னெண்டர' என்று கேட்கும்.

ஐந்தாவது நாள்தான் பண்டிகைக்கு முந்தின நாள்.

பாலத்தில்

கண்ணாடியில் பார்த்தபோது பின்னால் வந்த பஸ்ஸைக் காணவில்லை. கறுப்புப் புகைதான் இருந்தது. அப்போதும் நான் காலை எடுக்கவில்லை. பதிமூன்றுதானே என்ற நினைப்பு.

டர்போவின் விசில் சத்தம் மாறியது. மெல்லியதாக இருந்தது கீச்சென்று ஏறி, அம்மாவின் ஸ்டவ்வைவிட ஆயிரம் மடங்கு பெரிதாகச் சீறியது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். முள் மூன்றில் கிடந்தது.

காலை எடுத்தேன். எஞ்சின் கேட்கவில்லை. கால் தரையில் இருக்கிறது, எஞ்சின் தானாக உறுமிக்கொண்டே மேலே போகிறது. புகை வெள்ளையாக மாறி வேனைச் சூழ்ந்தது. சாவியைத் திருகினேன். நிற்கவில்லை. பின்னால் யாரோ அம்மா என்று அழுதார்கள். எட்டுப் பேர், எட்டுக் குடும்பம் என்று அந்த நேரத்தில் எண்ணினேன் என்று சொன்னால் பொய். கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

டாப் கியர். பிரேக். இரண்டு கால்களாலும் பிரேக்கை மிதிக்கிற பலத்தோடு ஒரு காலால் மிதித்தேன். கிளட்சை விட்டேன். வேன் ஒரு தடவை துள்ளி, உதறி, நின்றது. ஐஸ் கூடையிலிருந்து சரிந்து கொட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பஸ்காரர்கூட ஹார்னை நிறுத்திவிட்டார்.

எல்லோரும் இறங்கினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயம் தெளிந்ததும் என்னிடம் வருவது அழுகை அல்ல, கோபம். அதுவும் அம்மா கொடுத்ததுதான்.

"முள்ளு விழுந்ததைப் பார்த்தீங்கல்ல? வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? எட்டுப் பேரையும் கொன்னிருப்பீங்க" என்றேன். பாலத்தின் மேல், அத்தனை பேர் முன்னால்.

அஞ்சலை அக்கா என்னையே பார்த்தாள். அவளுக்குக் கத்தத் தெரியாதா? அவள் கத்தவில்லை.

"ஏறனா சொல்லுன்ன. ஏறச்சொல்ல சொன்னேன். எறங்கறத எவளாச்சும் கூவுவாளா?"

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, நின்றுபோன வண்டிகளுக்கு நடுவே தாம்பரத்தைப் பார்த்து நடந்தாள். மற்றவர்கள் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார்கள். மல்லிகா மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் புகை அடங்காத வேனுக்குப் பக்கத்தில் தனியாக நின்றேன்.

போன் போட்டதும் பாய் வந்து பானெட்டைத் திறந்தார். ஓஸ் கழன்று தொங்கியது. நட்டில் சிவப்புக் கோடு உடையாமல் அப்படியே இருந்தது.

"டர்போ போச்சு. எஞ்சின் பொழச்சிது. சரியா நிறுத்திட்டீங்க" என்றார். பிறகு, "முள்ளு விழுந்துருக்குமே?" என்று கேட்டார்.

"அந்தக்கா சொல்லவே இல்லை பாய்."

"நீங்க அவங்களுக்கு இன்னான்னு சொல்லி வெச்சீங்க?"

நான் நட்டின் சிவப்புக் கோட்டையே பார்த்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. ஓஸைக் கையில் எடுத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கரையில்

வேன் பட்டறையிலிருந்து வெளியே வரக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆனது. வேறொரு டர்போ, புது ஓஸ், இந்தத் தடவை பாய் பதினொன்றிலேயே நிறுத்திக் கோடு போட்டார். நான் குப்பத்துக்குப் போன அன்று இரண்டு பேர் குறைந்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஏழு பேர் வந்தார்கள். வராதது அஞ்சலை அக்கா மட்டும்தான்.

தினமும் அந்தக் கரைக்கு வருகிறவள் நான். ஆனால் வேனிலேயே உட்கார்ந்து ஹார்ன் அடிப்பேனே தவிர, ஏலத்தின் பக்கம் போய் நின்றதில்லை. அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்து போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன்.

அக்கா ஒரு சங்கரா மீன் குவியலுக்கு முன்னால் நின்றிருந்தாள். எண் ஏறிக்கொண்டே போனது. ஒருவர் தலையசைக்க ஓர் எண், இன்னொருவர் விரலைக் காட்ட அடுத்த எண். ஓர் இடத்தில் எல்லோரும் சும்மா இருந்தார்கள். அவளும் சும்மா இருந்தாள். அந்த மௌனத்தில் கடைசியாகச் சொன்ன எண் அப்படியே நின்றது. யாரும் 'இன்னும் அதுதானா' என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையே இல்லை, அங்கே எல்லோருக்கும் அது தெரியும். அவள் கையை இறக்கினாள், மீன் அந்த விலைக்கே போய்விட்டது.

என் வேனில் அவள் செய்ததும் இதையேதான். சொன்ன வேலையை, தனக்குத் தெரிந்த விதத்தில், ஒரு பிசகு இல்லாமல். பாதி வேலையைச் சொல்லிவிட்டு முழுப் பழியையும் போட்டது நான்.

ஏலம் முடிந்ததும் அவள் பக்கத்தில் போனேன்.

"நான் உங்ககிட்ட பாதிதான் சொன்னேன் அக்கா. பாய் முழுசா சொன்னாரு. நான்தான் சொல்லலை."

அவள் கையிலிருந்த செதிலைப் புடவையில் துடைத்தாள். "மீதிய இப்ப சொல்லு."

சொன்னேன். ஏற்றத்தில் முள் விழுந்தால் என்ன அர்த்தம், அப்போது நான் காலை எடுக்காவிட்டால் என்ன ஆகும், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பேஜார் புடிச்ச மெஷினு" என்றாள் கடைசியில். "இத்தினி வருசமா நான் எறங்கறத வாயால சொன்னதில்ல, வசந்தி. கரையில வெல எறங்குதுன்னு சொன்னா மீனு கெட்டுப்போச்சுன்னு ஆளு கலஞ்சி பூடுவான். முள்ளு விழறத நான் பாத்தேன். பாத்துகினேதான் இருந்தேன். நாக்கு வர்ல."

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தாள். அந்தப் பதினைந்து நாட்களும் அவளுக்கும் தூக்கம் இருந்திருக்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பயம் எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அவள் கூடையை நான் ஒரு பக்கம் பிடித்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டலூர் பாலம் வந்தது. பின்னால் பேச்சு நின்றுவிட்டது. யாரும் ஏலம் கேட்கவில்லை.

"ஆறு. எட்டு. பத்து." பழைய குரல். "பதினொண்ணு."

பதினொன்றிலேயே நின்றது. வேன் நன்றாக இழுத்தது. பாலத்தின் உச்சிக்கு வந்ததும் காலை எடுத்தேன். இறக்கத்தில் முள் தானாக விழும், அது சரிதான், பயப்பட ஒன்றுமில்லை. அதை மட்டும் அவளிடம் சொல்ல மறந்திருந்தேன்.

பக்கத்தில் ஒரு நொடி சத்தமே இல்லை.

"ஒம்பது" என்றாள் அக்கா. யாரோ அவள் தொண்டையைப் பிடித்துச் சொல்ல வைத்த மாதிரி, சின்னதாக. பிறகு கொஞ்சம் பெரிதாக, "ஆறு." பிறகு கரையில் கூவுகிற முழுக் குரலில், "மூணு. ஒண்ணு. சைபர். கால எடு வசந்தி, கால எடு."

"எடுத்துட்டேன் அக்கா."

அவள் நம்பவில்லை. சீட்டிலிருந்து குனிந்து, கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என் காலைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

இன்றைக்கும் ஒவ்வொரு இறக்கத்திலும் குனிந்து பார்க்கிறாள். இறக்கத்தில் முள் விழுவது சரிதான் என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.